இங்கிலீசுக்காரன் வீட்டில் அண்ணையும் தங்கச்சியும்

என் கணவர் என்னை "இஞ்சேர்" என்றுதான் கூப்பிடுவார். இங்கே பாரும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்து ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. கலியாணமான நாளிலிருந்து, இடையில் இரண்டு வருடம் தவிர, அதுதான் எனக்குப் பெயர். அந்த இரண்டு வருடமும் அவர் என்னைத் "தங்கச்சி" என்றார். நான் அவரை "அண்ணை" என்றேன். இது நடந்தது சுவிஸில் இன்டர்லாக்கனுக்கு மேலே, ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய வீட்டில். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து மறதி நோயோடு அவர் திரும்பவும் அதே வீட்டுக்குள் போனார். போய் ஒரு கிழமைக்குள் நான் திரும்பவும் தங்கச்சி ஆகிவிட்டேன். ஒரே ஒரு தடவை அவர் வாயால் "இஞ்சேர்" என்று கேட்க வேண்டும், பிறகு என்னவானாலும் ஆகட்டும் என்று இருந்தேன். அதற்காக நான் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன். ஏன் பெயர் போடவில்லை என்று வாசிக்கிறவர்களுக்குப் போகப் போகத் தெரியும்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் அதை இங்கிலீசுக்காரன் வீடு என்பார்கள். சுற்றிலும் மரத்தால் கட்டிய சுவிஸ் வீடுகள், ஜன்னல் எல்லாம் சிவப்புப் பூச்சாடி. நடுவிலே இது மட்டும் செங்கல் புகைக்கூண்டுகளும் கூரான முகப்பும் ஐவிக்கொடியுமாக, வழி தவறி வந்ததுபோல நிற்கும். இங்கிலாந்திலே பஞ்சு வியாபாரம் செய்த ஒருவன், நெஞ்சுச் சளி பிடித்த மனைவிக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே வந்தானாம். மனைவிக்கு ஊர் நினைவு வந்து அழக்கூடாது என்று, அங்கே இருந்த வீட்டை அப்படியே இங்கே கட்டினான். ரோசாப் பாத்தி, புல்தரை, புத்தக அறை, பில்லியர்ட்ஸ் அறை எல்லாம் இருந்தன. மாடிப்படி வளைகிற இடத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல், அதன் கீழே ஆள் உட்காரக்கூடிய அகலத்தில் கல் விளிம்பு. அந்தப் பெண் இரண்டாவது குளிர்காலம் தாண்டவில்லை. அவன் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. மலை பார்க்க வந்த இங்கிலீசுக்காரருக்கு விடுதியாக இருந்தது. பெரிய யுத்தத்தில் எல்லை தாண்டி வந்த வேற்றுநாட்டுச் சிப்பாய்களை அங்கே அடைத்து வைத்தார்கள். பிறகு நெஞ்சு பலவீனமான பட்டணத்துப் பிள்ளைகளை அனுப்பிப் பால் கொடுத்துத் தேற்றும் இடமாயிற்று. பிறகு கொஞ்சக்காலம் சும்மா கிடந்தது. அதன் பிறகு அகதிகளாக நாங்கள் வந்தோம். எங்களுக்குப் பிறகு வயோதிபர் இல்லம், இங்கே ஹைம் என்பார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஹைம்காரர் கீழ்த்தளத்து நடையில் வரிசையாகப் படங்கள் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று வரி எழுதி வைத்திருந்தார்கள். அவரைப் பார்க்கப் போகிற ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரிந்த சமையலறை ஜெர்மனில் ஒவ்வொரு படமாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். வேறென்ன செய்ய, மேலே போனால் மனிதர் என்னோடு கதைக்க மாட்டார்.

நாங்கள் வந்த கதை இது. அவர் என்னைவிட எட்டு மாதம் முன்னால் வந்தார். வருகிற வழியில் கொழும்பு லொட்ஜில் ஒரு எல்லாம் தெரிந்த மேதாவி இவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறான். "கலியாணம் கட்டினதெண்டு சொல்லாதை. சொன்னா மனுசியையும் கூப்பிட்டு விசாரிப்பாங்கள், ரெண்டு பேற்ற கதையும் பொருந்தாட்டி ரெண்டு பேரையும் பிளேனில ஏத்திப்போடுவாங்கள். தனி ஆளெண்டு சொல்லு." இந்த விசர் மனிதரும் அதை நம்பி, அகதி விண்ணப்பத்துக்கான முதல் இன்டவியூவிலேயே "கலியாணம் ஆகவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். எங்களுக்குக் கோயிலில் நடந்த கலியாணம். அந்த நேரம் சண்டையால் பதிவுக் கந்தோர்கள் எல்லாம் பூட்டிக் கிடந்ததால் பதிவு இல்லை. அதனால் பொய் சுலபமாக நின்றது. ஒரு கிழமைக்குள் பிழை விளங்கிவிட்டது. ஆனால் ஒன்றை மாற்றிச் சொன்னால் மற்றதெல்லாவற்றையும் பொய் என்பார்கள் என்ற பயத்தில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். எனக்கு டெலிபோனில் சொன்னார், "நீயும் குமர்ப்பிள்ளை எண்டு சொல்லு. வேற வழியில்லை." நான் தாலிக்கொடியைக் கழற்றிப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தேன். தைக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்து பார்க்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டா.

எந்த மாகாணத்துக்கு, எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு விழுந்தது இந்த வீடு. ஒரு மத்தியானம் பெட்டியோடு உள்ளே கூட்டிப்போனார்கள். பில்லியர்ட்ஸ் அறையில் மேசை போட்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நிற்கிறேன். மூன்றாவது மேசையில் என் புருசன். எட்டு மாதத்தில் பாதியாகி, கரண்டியும் கையுமாக எழுந்து நிற்கிறார். இருபது முப்பது தமிழ்ச்சனம், பக்கத்தில் சுவிஸ்காரப் பொறுப்பாளர். அவர் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "வாங்கோ தங்கச்சி, எந்த ஊர்?" என்று கேட்டார். நான் என் ஊரைச் சொன்னேன். "ஓ, எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்," என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து அதையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் அப்படி இருந்தோம். ஆண்களுக்கு முதல் மாடி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மேல் மாடி. சமையலறைக் கதவுக்கு மேலே ஒரு பலகையில் சின்னச் சின்ன மணிகள் தொங்கின. இங்கிலீசுக்காரன் காலத்தில் வேலைக்காரரைக் கூப்பிடுகிற மணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த அறை என்று இங்கிலீசில் எழுதியிருந்தது. ஜெர்மன் ஒரு எழுத்தும் தெரியாத எங்களுக்கு அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தது அந்தப் பலகை ஒன்றுதான். அதன்படி பார்த்தால் நான் படுத்தது பிள்ளைகள் அறையில். அவர் இன்னும் ஐந்து ஆண்களோடு படுத்தது எசமானியின் அறையில், அந்த மூச்சு முட்டிச் செத்த பெண்ணின் அறையில்.

சனத்தின் கண்ணுக்கு முன்னால் நாங்கள் "அண்ணை, உப்பை இஞ்சால தாங்கோ", "தங்கச்சி, உங்களுக்குக் கடிதம் வந்திருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் கதைத்ததில்லை. ஒரே வீட்டில் இருந்த மற்றத் தமிழருக்கும் சொல்லவில்லை. யார் எங்கே எதைச் சொல்லுவான் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானச் சாப்பாட்டோடு ஆளுக்கொரு அப்பிள் தருவார்கள். அவர் தன்னுடையதைத் தின்னாமல் கொண்டுபோய் மாடிப்படி வளைவில், வண்ணக் கண்ணாடி ஜன்னலின் கல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார். பின்னால் மாடி ஏறுகிற நான் அதை எடுத்துக்கொள்வேன். ஒரு நாள் தவறியதில்லை. அந்த அப்பிளை எடுக்கும்போதுதான் எனக்குக் கலியாணமானது ஞாபகம் வரும்.

பகிடி என்னவென்றால், எங்களுக்குக் கலியாணம் பேச வெளிக்கிட்டதும் அந்தச் சனம்தான். மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருத்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டா. "நல்ல பெடியன் பிள்ளை. குடி இல்லை, புகை இல்லை. நீயும் தனியாத்தானே நிக்கிறாய், ஓமெண்டு சொல்லன்." "எனக்கு அந்த அண்ணையைப் பிடிக்கேல்லை அக்கா," என்றேன் நான். அவரிடம் அதை யாரோ போய்ச் சொல்லி, அன்றைக்கு விளிம்பில் இரண்டு அப்பிள் இருந்தன.

கடைசியில் அந்த அக்கா பேசிய கலியாணம்தான் எங்களுக்கு இந்த நாட்டுச் சட்டப்படி நடந்தது. அதற்கு ஊரிலிருந்து, இந்தப் பெண் கலியாணமாகாதவள் என்று ஒரு கடிதம் வேண்டும். என் அப்பா, முந்நூறு பேருக்குச் சோறு போட்டு என்னைக் கட்டிக்கொடுத்த மனிதர், அதே கலியாணத்தில் வந்து சாப்பிட்டுப் போன கிராமசேவகரிடம் போய், என் மகளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று கடிதம் வாங்கி அனுப்பினார். கூட ஒரு துண்டு வைத்து எழுதியிருந்தார், இதைவிட என்னை நாலு அடி அடித்திருக்கலாம் என்று. இன்டர்லாக்கன் தமிழ்ச்சனம் எல்லாம் இன்றைக்கும் எங்களுடையது காம்பில் நடந்த லவ் மேரேஜ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மகளும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதினாள். பெர்மிட் கிடைத்து, பிறகு இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட் கிடைத்த பிறகும் நாங்கள் மூச்சு விடவில்லை. பொய் சொல்லி வாங்கியது என்று ஒரு நாளைக்குத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். அவர் ஹோட்டல் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தார். நான் அறைகள் துப்புரவாக்கினேன். வீட்டுக்குள் கதவைச் சாத்திய பிறகுகூட அந்த இரண்டு வருடத்தைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் திறப்பை வைத்த இடம், பிறகு வீட்டுக்கு வரும் பாதை, பிறகு அடுப்பை அணைப்பது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் மகள் இரண்டு ஹைம் பார்த்து வைத்தாள். ஒன்று துன் நகரத்தில் புதுக் கட்டடம். மற்றது இங்கிலீசுக்காரன் வீடு. "அம்மா, இது உங்கட லவ் ஸ்டோரி நடந்த வீடு," என்று சிரித்தாள். நான்தான் சொன்னேன், "அங்கேயே விடுவம் பிள்ளை. பழகின சுவர். அப்பாக்கு ஆறுதலா இருக்கும்." பஸ்ஸில் பத்து நிமிடம், நான் தினமும் போகலாம் என்றும் கணக்குப் போட்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாலைந்து நாள் பேசாமல் இருந்தார். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ நான் போனபோது பில்லியர்ட்ஸ் அறையில் இருந்தார். இப்போது அது பகலில் எல்லோரையும் இருத்துகிற அறை. நான் பக்கத்துக் கதிரையை இழுத்ததும் அவர் வாசலைப் பார்த்தார், தாதியைப் பார்த்தார், பிறகு உதடு அசையாமல் சொன்னார்.

"தங்கச்சி, இஞ்ச இருக்காதேங்கோ. பாக்கினம்."

மூளைக்குள் எதெல்லாமோ அழிந்து போயிருக்க, இந்தக் கோதாரி மட்டும் அழியாமல் கிடந்திருக்கிறது. அந்தச் சுவர் அவரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவருக்கு இன்டவியூ இன்னும் முடியவில்லை. தபால்காரன் வந்தால், திருப்பி அனுப்புகிற கடிதமோ என்று முகம் வெளிறும். வெள்ளைச்சட்டை போட்ட யாரும் கேட்டால் "லெடிக், லெடிக்" என்பார், கலியாணமாகாதவன் என்று. தாதிகள் பாவம், சிரிப்பார்கள். கோப்பில் "மனைவியைச் சகோதரி என்று நினைக்கிறார்" என்று எழுதினார்கள். இல்லை அம்மா, அவர் அப்படி நினைக்கவில்லை, நடிக்கிறார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, அது மறதி வருத்தம், நீங்கள் மனசில எடுக்காதேங்கோ," என்றாள். அவளிடமும் சொல்ல வாய் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அவர் மேலேதான் வந்தது. நாற்பது வருடம் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, இப்போது குளிப்பாட்டவும் துடைக்கவும் வந்து நிற்கிறேன், எனக்கு வாய்த்த பெயர் தங்கச்சி. ஒரு நாள் பொறுக்காமல், எல்லோரும் இருக்கிற அந்த அறையில், "நான் உங்கட மனுசி! கேக்குதோ? மனுசி!" என்று கத்திவிட்டேன். ஐயோ, அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கதிரையோடு பின்னால் போனார். தாதியிடம் திரும்பி, உடைந்த ஜெர்மனில், "எனக்கு இவவைத் தெரியாது, எனக்கு இவவைத் தெரியாது," என்று அழுதார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை என்று தாதி சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. இரண்டு கதிரை தள்ளி இருந்து பேப்பர் வாசிப்பேன். அவர் தன் பாட்டுக்கு ஜன்னலைப் பார்ப்பார். நாலு மணிக்கு, மாடியில் அவருடைய அறையை ஒழுங்குபடுத்திவிட்டு வெளிக்கிடும்போது மாடிப்படி வளைவைத் தாண்டித்தான் வரவேண்டும், அவருடைய தளத்துக்கு அதுதான் வழி. ஒரு நாள் பார்க்கிறேன், கல் விளிம்பில் ஒரு அப்பிள். வேலைக்காரர் யாரோ வைத்தது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் அப்பிள் இல்லை, கடதாசியில் சுற்றிய பிஸ்கட். நான் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். பஸ்ஸில் பிரித்துத் தின்றபோதுதான் யார் வைத்தது என்று விளங்கியது. சந்தோசப்பட்டேன். ஆனால் அது போதாது என்று நினைத்தேன். பிஸ்கட்டா வேண்டும் எனக்கு? ஒரு சொல்லுத்தானே கேட்டேன்.

அந்த நேரம்தான் நடையில் மாட்டியிருந்த படங்களில் எங்கள் காலத்துப் படத்துக்கு வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்தேன் என்பதே பிழை, அங்கே படம் இல்லை. பால் குடிக்கும் பிள்ளைகள் படத்துக்கும் ஹைம் திறப்பு விழாப் படத்துக்கும் நடுவில் சும்மா ஒரு மட்டை. அதில் ஒரே ஒரு வார்த்தை, தற்காலிகப் பயன்பாடு என்று அர்த்தம். இங்கிலீசுக்காரியின் நாய்க்குக்கூட அங்கே படமும் இரண்டு வரியும் இருக்கின்றன. எனக்குப் பற்றி எரிந்தது. நேரே ஹைம் மேலாளரிடம் போனேன். அந்தப் பெண் நல்லவள், முகம் சிவந்துபோனாள். "அந்த வருடங்களுக்கு எங்களிடம் படம் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், போடுகிறேன்," என்றாள்.

ஒரே ஒரு படம் என்னிடம் இருந்தது. முதல் பனி விழுந்த அன்று வாசற்படியில் எல்லோரும் நின்று எடுத்தது. அவர் இடது ஓரம், நான் வலது ஓரம். இதைவிடத் தூரமாக நிற்க அந்தப் படியில் இடமில்லை. மேலாளரிடம் கொடுக்க முன்னர் அவருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை இடது ஓரத்தில் தன் மேல் வைத்து, ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டே போய் வலது ஓரத்தில் நிறுத்தினார். என் முகத்தில். அங்கேயே வைத்திருந்தார். பிறகு படத்தைக் கவிழ்த்து என் மடிக்குள் தள்ளி, "இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ தங்கச்சி," என்றார். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. நான் அதிலும் கடைசிச் சொல்லைத்தான் கேட்டேன். படத்தை மேலாளரிடம் கொடுக்கவில்லை. மட்டை அப்படியே இருந்தது.

அந்த இலையுதிர்காலம் எல்லோருக்கும் கடிதம் வந்தது. வீடு விற்கப்படுகிறது. வாங்குகிறவர்கள் அதை ஏரி தெரிகிற சொகுசு வீடுகளாகப் பிரிக்கப் போகிறார்கள். இங்கே இருப்பவர்கள் வசந்தத்துக்குள் வேறு இடம் போகவேண்டும், உதவி செய்வோம் என்று எழுதியிருந்தது. மற்றக் குடும்பங்கள் எல்லாம் அழுதன, கூட்டம் கூடின, மனுக் கொடுத்தன. நான் ஒருத்திதான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். இந்த வீட்டுக்கு வந்ததால்தானே அவர் நடிக்கிறார். வெளியே எடுத்துவிட்டால் இன்டவியூ முடிந்துவிடும், பயம் போய்விடும், நான் மனுசி ஆகிவிடுவேன். கிழட்டு மூளைக்கு எவ்வளவு நல்ல கணக்கு!

"என்ன அவசரம் அம்மா?" என்று மகள் கேட்டாள். "மார்ச் மட்டும் இருக்கலாமெண்டு சொல்லீனம். அப்பா இஞ்ச இப்பதான் பழகியிருக்கிறார்."

"இல்லைப் பிள்ளை. இப்பவே கொண்டுபோவம்," என்றேன்.

முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தேன். ஒக்டோபர் கடைசியில் அவரைத் துன் நகரத்துப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனோம். வெளிக்கிடும் நாள் காலை அவர் தானாகவே சேர்ட் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் துவாயும் சீப்பும் வைத்துக்கொண்டு கட்டிலில் தயாராக இருந்தார். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். படி இறங்கும்போது வளைவில் நின்றார். பையைத் துழாவினார். உள்ளே துவாயும் சீப்பும்தான் இருந்தன. வெறும் கையால் அந்தக் கல் விளிம்பைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் மேசைக்கு மேலாக அதே பார்வையைப் பார்த்தவள் நான். "வாங்கோ அப்பா, கார் நிக்குது," என்று மகள் கையைப் பிடித்தாள். நானும் அவசரப்படுத்தினேன்.

புது இடத்தில் எல்லாம் கண்ணாடி, எல்லாம் வெளிச்சம். மூன்றாம் மாடி. நான் நினைத்தது அப்படியே நடந்தது. பயம் போய்விட்டது. தபால்காரனைக் கண்டால் வெளிறுவதில்லை. வாசலைப் பார்ப்பதில்லை. வெள்ளைச்சட்டைக்காரர் வந்தால் சிரிக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. தாதி என் தோளைத் தட்டி, நல்ல முடிவெடுத்தீர்கள் என்றாள். நான் ஒவ்வொரு நாளும் ரயிலில் போய் அவர் பக்கத்தில், கதிரையை ஒட்டிப் போட்டு இருந்தேன். யாரும் பார்க்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுக்கவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. அவர் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை.

மூன்றாவது கிழமை என்னைத் திரும்பிப் பார்த்து மரியாதையாகக் கேட்டார், "நீங்கள் ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று தேடினேன். அந்த வீட்டில் தெரியாது தெரியாது என்று அழுதபோதுகூட அங்கே ஒருவர் இருந்தார், என்னைக் காப்பாற்றுவதற்காக என்னைத் தெரியாது என்றார். இங்கே ஒருவரும் இல்லை. நான் தங்கச்சியாக இருந்தவரைக்கும் அவருக்கு மனைவி இருந்திருக்கிறாள். அந்தச் சுவர்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தது. நான் என் கையால் கையெழுத்து வைத்து அவளைக் கொண்டுவந்து தொலைத்துவிட்டேன். பயம் போகட்டும் என்று ஆசைப்பட்டேன். பயத்தோடு நானும் போய்விட்டேன்.

போன கிழமை பஸ்ஸில் அந்த வீட்டுப் பக்கம் போனேன். சாரம் கட்டி, பச்சை வலை போட்டு மூடியிருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னலைக் கழற்றி வெளியே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். தெருவோரப் பெரிய பலகையில் வீட்டின் சரித்திரம் நாலு வரியில் இருந்தது. இங்கிலீசுக்காரன், விடுதி, சிறுவர் இல்லம், வயோதிபர் இல்லம். சிப்பாய்களும் இல்லை, நாங்களும் இல்லை. இப்போது அந்த ஒரு வார்த்தைகூட இல்லை. முன்பென்றால் நான் பலகையில் இருந்த நம்பருக்கு டெலிபோன் எடுத்துச் சண்டை பிடித்திருப்பேன். சும்மா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சந்தியில் கடையில் ஒரு அப்பிள் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

அவர் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் இருந்தார். நான் வணக்கம் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் நடந்துபோய், அவர் பார்க்கும்படியாக அப்பிளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டு கதிரை தள்ளிப் போய் இருந்து பேப்பரை விரித்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் அப்பிளைப் பார்த்தார். எழுந்து போய் அதைக் கையில் எடுத்தார். நான் பேப்பரைத் தாழ்த்தினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"ஆரோ மறந்துபோய் வச்சிட்டுப் போட்டினம். பாவம், தேடுவினம். கண்டால் குடுத்துவிடுங்கோ."

"ஓம் அண்ணை," என்றேன். "குடுக்கிறன்."